பழைய புல்லட்டுக்கு எந்த கியர்பாக்ஸ்?

ஒரகடத்தில் ராயல் என்ஃபீல்டு ஆலை வந்தது 2013-ல். அதற்கும் முந்தைய, திருவொற்றியூர் ஆலையில் தயாரான புல்லட் வைத்திருக்கிறீர்களா? பல்சக்கரம், கிளட்ச் பிளேட் வாங்கும்முன் கியர்பாக்ஸ் எந்த வகை என்று பாருங்கள்.

இன்ஜினை அணைத்து, சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின்சக்கரத்தைக் கையால் சுற்றியபடியே கியர்களை எண்ணுங்கள். நான்குதான் என்றால் பழைய ஆல்பியன் வகை. கியர் வலது காலில். முதல் கியர் மேலே, மற்றவை கீழே. பக்கத்திலேயே நியூட்ரலுக்கென்று தனியாக ஒரு குட்டி லிவர் இருக்கும்.

ஐந்து கியர் என்றால், இன்ஜினும் கியர்பாக்ஸும் தனித்தனியா, ஒரே கூடா என்று பாருங்கள். ஒரே கூடு என்றால் யூசிஇ (யூனிட் கன்ஸ்ட்ரக்ஷன் இன்ஜின்) வகை.

ஆர்சி புக்கில் உள்ள ஆண்டை மட்டும் நம்பாதீர்கள்; இடையில் யாராவது கியர்பாக்ஸை மாற்றியிருக்கலாம். கழற்றிய பாகத்தைத் துணியில் சுற்றிக் கடைக்கே கொண்டுபோங்கள்.