கடைசி வரிசையில் இருக்கும் வரிகள்

அன்புள்ள தம்பிக்கு,

இந்தியா, இலங்கை இரண்டின் ‘இதர வரி’ வருவாயை 1990 முதல் ஒப்பிட்டு நீ எழுதிய கட்டுரையை நேற்றிரவு படித்தேன். 2015க்குப் பின் இந்தியாவில் செல்வ வரி இல்லாததைக் காட்டி, இந்தியா உதிரி வரிகளை ஒழித்து நவீனமாகிவிட்டது என்று எழுதியிருக்கிறாய். அந்த வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை.

உலக வங்கியின் அட்டவணையில் ‘இதர வரி’ வரிசைக்குள் என்னென்ன இருக்கின்றன என்று பார்த்தாயா? சொத்தின் மீதான வரி, சம்பளப் பட்டியலை வைத்து முதலாளி கட்டும் வரி, தாமதத்துக்கான அபராதம், வேறெங்கும் சேராத எல்லாம். அங்கே ஒரு தொகை குறைந்தால் வசூல் குறைந்தது என்று பொருளில்லை; தலைப்பு மாறியிருக்கலாம். 2013-14இல் செல்வ வரி தந்தது 1,008 கோடி ரூபாய். 2015 பட்ஜெட்டில் அருண் ஜேட்லி அதை நீக்கி, ஒரு கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு 2 சதவீதம் கூடுதல் சர்சார்ஜ் போட்டார். பணம் வருமான வரித் தலைப்புக்குப் போனது. செல்வ வரியில் மாநிலங்களுக்குப் பங்கு இருந்தது, சர்சார்ஜில் கிடையாது. இதையா நவீனம் என்கிறாய்?

இன்னொன்று என் பழைய கோபம். மத்திய அரசின் ஏட்டை மட்டும் வைத்துக்கொண்டு ‘நாடு’ என்று எழுதாதே. நிலப் பத்திரத்தின் முத்திரைத் தீர்வை இங்கே மாநிலங்களுக்குப் போகிறது. இலங்கையில் 1987இன் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பிறகு மாகாண சபைகளுக்கு. மதுரையின் சொத்து வரியும் யாழ்ப்பாணத்தின் சோலைவரியும் உள்ளாட்சிக்கு. உன் வரைபடத்தில் இவை எதுவுமே இல்லை.

பட்ஜெட் மாலை ஐந்து மணிக்கு வாசிக்கப்பட்ட காலத்தில் (1999இல்தான் அது காலைக்கு மாறியது) எங்கள் நாளிதழின் செய்தி மேசையில் எல்லோரும் வருமான வரி வரம்பைத்தான் கேட்பார்கள். எங்கள் மூத்த துணை ஆசிரியர் ஒருவர் மட்டும் உதிரி வரிகளைத் தேடி வரவு ஆவணத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டுவார். 1985இல் வி.பி.சிங் எஸ்டேட் வரியை (இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின் மீதான வரியை) எடுத்தபோது, அது 1953இல் வந்த கதையைச் செய்தியில் சேர்க்காமல் பக்கத்தை அச்சுக்கு விடமாட்டேன் என்று நின்றார். அச்சகத்திலிருந்து ஆள் மேல் ஆள் வந்து கத்திவிட்டுப் போனார்கள். அவர் அசையவில்லை. அந்தப் பிடிவாதத்தை நான் இன்றும் வணங்குகிறேன்.

ஆனால் கால்டார் பற்றிய உன் பத்தி! 1956இல் டெல்லிக்கு அறிக்கை எழுதிக் கொடுத்த அதே கேம்பிரிட்ஜ் பொருளாதார அறிஞர் 1958இல் கொழும்புக்கும் போனதையும், செல்வ வரி, செலவு வரி, நன்கொடை வரி மூன்றையும் இந்தியா 1957-58இலும் இலங்கை 1959இலும் கொண்டுவந்ததையும் இவ்வளவு துலக்கமாகத் தமிழில் நான் படித்ததில்லை. எழுந்து உட்கார்ந்து மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். அதைப் போய்க் கட்டுரையின் நடுவில் ஒளித்து வைத்திருக்கிறாயே, தம்பி. ஒரே மனிதரின் யோசனையை வாங்கிய இரு நாடுகள் அதை எப்போது, யாருக்குப் பயந்து கைவிட்டன? இந்தியாவில் செலவு வரி 1962இல் போய், 1964இல் திரும்பி வந்து, 1966இல் முற்றாகப் போனது. இலங்கையில் நடந்ததை அதன் பக்கத்தில் வைத்து எழுது. 1990இல் தொடங்காதே, 1957இல் தொடங்கு. வரைபடம் வேண்டாம். இலங்கை மத்திய வங்கியின் பழைய ஆண்டறிக்கைகள் தமிழிலேயே இருக்கின்றன. அட்டவணைக்கு முன் அடிக்குறிப்பைப் படி. எழுதி முடித்ததும், வேறு யாருக்கும் கொடுக்குமுன் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்