இம்ப்ளான்ட் பல் கட்டுவதற்கு முன்

பல் எடுத்த இடத்தை வருடக்கணக்கில் காலியாக விடாதீர்கள். கடிக்கும் அழுத்தம் இல்லாமல் அங்கே தாடை எலும்பு கரையும், பக்கத்துப் பற்கள் சாயும். எலும்பு குறைந்துபோனால் முதலில் எலும்புத்தூள் வைக்க வேண்டிவரும். செலவும் காலமும் கூடும்.

இம்ப்ளான்ட் பெரும்பாலும் டைட்டானியத் திருகு. 1965-இல் ஸ்வீடனில் டாக்டர் பிரோனமார்க் இதை முதன்முதலில் ஒரு நோயாளிக்குப் பொருத்தினார். எலும்பு அதைப் பற்றிக்கொள்ளப் பொதுவாக 3 முதல் 6 மாதம் ஆகும். ‘ஒரே நாளில் பல்’ என்றால், அன்று வைப்பது பெரும்பாலும் தற்காலிகப் பல்தான். எலும்பு நன்றாக இருப்பவர்களுக்கே அது பொருந்தும்.

சர்க்கரை கட்டுக்குள் இருக்கட்டும். புகைப்பவர்களுக்கு இம்ப்ளான்ட் தோற்கும் வாய்ப்பு அதிகம், தயவுசெய்து நிறுத்துங்கள். எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பதை மறைக்காமல் சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சொல்லும் தொகை திருகுக்கு மட்டுமா, மேலே வைக்கும் கிரவுனும் சேர்த்தா என்று கேளுங்கள். திருகின் கம்பெனி, அளவு, பேட்ச் எண் உள்ள ஸ்டிக்கரை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பல வருடம் கழித்து வேறு ஊரில் திருகு ஆடினால், அங்குள்ள மருத்துவருக்கு இந்தச் சீட்டு பேருதவி. பலரும் இதைக் கேட்பதே இல்லை.

இம்ப்ளான்ட்டில் சொத்தை வராது. ஆனால் சுற்றியுள்ள ஈறு சீழ் பிடித்து எலும்பை அரிக்கலாம். பல்லிடுக்கு பிரஷ்ஷால் தினமும் சுத்தம் செய்யுங்கள். ஈறில் ரத்தம் கசிந்தால், வலி இல்லாவிட்டாலும் உடனே காட்டுங்கள்.