பிள்ளையை இழந்த நெஞ்சம் ரப்பிடம் திரும்புவது எப்படி?

 

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் கரையில் வாழ்பவர்களுக்கு இந்தத் தேதியே போதும். எர்ணாவூரில் சுனாமி குடியிருப்பு என்ற பெயரிலேயே ஒரு பகுதி இருக்கிறது. இழந்த வீட்டுக்குப் பதிலாக வீடு கட்டித் தரலாம். இழந்த பிள்ளைக்குப் பதிலாக எதைத் தருவது?

சுனாமி மட்டுமல்ல. காய்ச்சலிலும் லாரி விபத்திலும் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் நம் ஸஃப்பிலேயே நிற்கிறார்கள். "தொழுதேன், நோன்பு வைத்தேன், எனக்கு ஏன் இப்படி?" என்ற கேள்வி உள்ளே கிடக்கிறது. துஆவுக்குக் கை உயர மறுக்கிறது. சகோதரரே, அது நீங்கள்தான் என்றால், இந்த உரை உங்களுக்காகத்தான்.

நம் உயிரினும் மேலான நபி (ஸல்) அவர்களுக்கு ஏழு பிள்ளைகள். ஃபாத்திமா (ரலி) தவிர ஆறு பேரும் அவர்களின் வாழ்நாளிலேயே மரணித்தார்கள். கடைசி மகன் இப்ராஹீம் ஒரு கொல்லர் வீட்டில் பால்குடித்து வளர்ந்தார். உலைப் புகை நிறைந்த அந்த வீட்டுக்குப் போய், மகனை எடுத்து முத்தமிட்டு முகர்வார்கள். பட்டறையிலும் தொழிற்சாலையிலும் உழைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கும் நமக்கு அந்தக் காட்சி புரியும்.

அந்தக் குழந்தையின் உயிர் பிரியும் வேளையில் நபியவர்களின் கண்கள் கலங்கின. "நீங்களுமா?" என்று அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) கேட்டார்கள். இது இரக்கம் என்று நபியவர்கள் விளக்கினார்கள். கண் அழும், உள்ளம் வருந்தும், ஆனால் ரப்புக்குப் பிடிக்காததை நாவு பேசாது என்ற கருத்தையும் சொன்னார்கள் (புகாரி). ஆகவே அழுவது ஈமானின் குறைவல்ல. யஃகூப் (அலை) அவர்கள் அழுது அழுது பார்வையே இழந்தார்கள். ஆனால் தன் துயரத்தை அல்லாஹ்விடமே முறையிட்டார்கள். ஸப்ர் என்பது கண்ணீரை அடக்குவதல்ல, கண்ணீரோடு எங்கே போகிறோம் என்பதுதான்.

எனவே, இன்று ஒரு வக்து தொழுங்கள். மனம் ஒட்டாவிட்டாலும் தொழுங்கள். ஸஜ்தாவில் வார்த்தை வராவிட்டால் அழுங்கள், அவன் அறிவான். பிள்ளை மரணித்தபோது அல்லாஹ்வைப் புகழ்ந்த அடியானுக்கு, சொர்க்கத்தில் 'பைத்துல் ஹம்து' என்ற வீடு கட்டப்படும் என்ற நற்செய்தி திர்மிதியில் இருக்கிறது.

அடுத்து, அந்தப் பாசத்தை வீணாக்காதீர்கள். நாகப்பட்டினத்தில் ஒரு தம்பதி தங்கள் மூன்று பிள்ளைகளையும் சுனாமியில் இழந்தார்கள். அவர்கள் நம் மார்க்கத்தவர் அல்லர். ஆனால் பெற்றோரை இழந்த குழந்தைகளைத் தம் வீட்டிலேயே சேர்த்து வளர்த்தார்கள். யதீமை ஆதரிப்பவர் சொர்க்கத்தில் தம்மோடு இரு விரல்கள் போல் நெருங்கி இருப்பார் என்று கேட்ட உம்மத் நாம். நம் மஹல்லாவில் ஒரு யதீமின் பள்ளிக் கட்டணத்தையாவது ஏற்கலாமே!

ஆறுதல் சொல்லப் போகிறவர்களே! "இன்னொன்று பிறக்கும்" என்று சொல்லாதீர்கள். போன பிள்ளைக்கு ஈடு கிடையாது. ஜஅஃபர் (ரலி) ஷஹீதானபோது அவர் குடும்பத்துக்கு உணவு சமைத்துக் கொடுக்கச் சொன்னார்கள் நபியவர்கள். சோறு கொண்டு போங்கள், பக்கத்தில் உட்காருங்கள். நாற்பது நாள் கழித்தும் போங்கள்.

பிள்ளையை இழந்த ஒவ்வொரு பெற்றோரின் உள்ளத்திலும் வல்ல அல்லாஹ் அமைதியை இறக்குவானாக! அவர்களைப் பிள்ளைகளோடு சொர்க்கத்தில் ஒன்று சேர்ப்பானாக! ஆமீன்.