காந்தளும் கால்நடையும்

சங்கச் செய்யுள் பயில்வோர் காந்தளை மறவார். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொன்ன மலர்களுள் முதலிடம் பெற்றது அதுவே. மகளிர் விரலுக்கும் புலவர் அதனை உவமை கூறினர். ஆயினும், காந்தளைக் கண்டதுண்டோ என வகுப்பில் வினவினால் மாணவர் விழிப்பர். கார்த்திகைப் பூ என்றதும் எல்லாக் கைகளும் உயரும்! இரண்டும் ஒன்றே. குறிஞ்சிக்கு உரியதென்று நூல்கள் கூறினும், மலையில்லா வன்னியிலும் மாரி தொடங்கியதும் வேலிகளிலும் பற்றைகளிலும் அது படர்கின்றது. இலை நுனியே சுருண்டு கொழுகொம்பைப் பற்றும். அடி மஞ்சளும் நுனி செம்மையுமான ஆறிதழ்கள் மேல்நோக்கி வளைந்து சுடர்போல் நிற்கும்.

இலின்னேயசு 1753 இல் இதற்குக் குளோரியோசா என்று பெயரிட்டார். இப்பேரினத்துச் செடிகளுட் பல ஆபிரிக்காவுக்கு உரியவை. நம் மண்ணுக்கு உரியது இஃதொன்றே. கவைத்த கிழங்கு கலப்பையை ஒத்தலின் கலப்பைக் கிழங்கு எனவும் வழங்குவர்.

அக்கிழங்கை நான் மறவாமைக்கு வேறு காரணமுண்டு. என் சிறுபராயத்தில் தந்தையார் காணி கொத்தியபோது வெளிப்பட்ட கிழங்குகளைப் பொறுக்கி வேலியோரம் எறிந்தவன் நானே. அங்கே கட்டியிருந்த நாகு அவற்றைத் தின்றுவிட்டது. இரவு கழிச்சல் கண்டது. விடியலில் எழ இயலவில்லை. மூன்றாம் நாள் இறந்தது. பாம்பு தீண்டிற்று என்றே அயலார் கூறினர். கடித்து மிஞ்சிய துண்டு எனக்கு மட்டுமே தெரியும். பல ஆண்டுகள் அதனை யாரிடமும் சொன்னேனில்லை.

செடி முழுவதும் நஞ்சாயினும் கிழங்கிலும் விதையிலும் அது மிகுதி. கொல்சிசின் என்னும் அந்நஞ்சு உடற்கலங்கள் பிரிவதைத் தடுக்கும். ஆதலின், கலங்கள் விரைந்து பெருகும் குடலும் என்பு மச்சையும் முதலில் தாக்குறும். மயிர்க்கால்களும் தப்பா. இக்கிழங்கை உண்டு பிழைத்த ஒருவருக்கு மயிர் முழுதும் உதிர்ந்த செய்தி, இலங்கையிலிருந்து 1966 இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளியாயிற்று. அவித்தாலும் நஞ்சு நீங்காது. தின்ற சில மணி நேரம் யாதொரு குறியும் தோன்றாமையே பெருங்கேடு. குறி தோன்றுமுன்னரே மருத்துவரை நாடுதல் வேண்டும், மனிதராயினும் மாடாயினும்.

அதே கொல்சிசின் அளவறிந்து கொடுக்கப்படின், மூட்டுகளில் யூரிக்கமிலம் படிவதால் வரும் வாத நோவைத் தணிக்கும். தமிழ்நாட்டில் விதைக்காகவே இதனைப் பயிரிடுகின்றனர். அம்மாநிலத்தின் மலரும் இதுவே.

எங்கள் வேலியில் இன்றும் அது பூக்கின்றது. கொத்தும்போது அகப்படும் கிழங்கை உடனே எடுத்து எரித்துவிடுகிறோம். கன்றுகளை அப்பக்கம் கட்டுவதில்லை.