பின்னால் உட்கார்ந்தவனுக்குக் கேஸ் வராதா?

“நான் ஓட்டலையே வக்கீலய்யா, சும்மா பின்னாடிதானே உக்காந்திருந்தேன்!” தேனி லட்சுமிபுரம் நீதிமன்ற வளாகத்திலும் உத்தமபாளையம் கோர்ட்டு வாசலிலும் இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. குடித்துவிட்டு ஓட்டினால் ஓட்டியவன் மட்டும்தான் மாட்டுவான், கூட வந்தவனைச் சட்டம் தொடாது என்று கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க நம்புகிறார்கள். படித்தவர்களும் அப்படித்தான். இது தவறு.

மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவு பலருக்கும் தெரியும். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால், முதல் முறைக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அதற்கு மூன்று பிரிவு தள்ளி 188 இருக்கிறது. அதைத்தான் யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. குடிபோதையில் ஓட்டும் குற்றத்துக்கு உடந்தையாக இருப்பவருக்கும் அதே தண்டனை என்கிறது அந்தப் பிரிவு. 2022 அக்டோபரில் சென்னைப் போக்குவரத்து போலீசார் இதைக் கையில் எடுத்து, கூட வருபவர் மீதும் வழக்குப் போடுவோம் என்று அறிவித்ததும் ஏதோ புதுச் சட்டம் வந்துவிட்டதாகப் பேசினார்கள். அது 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கும் பிரிவு. “அது சென்னைக்கு மட்டும்” என்பதும் வெட்டிப்பேச்சு. மத்திய சட்டம் வீரபாண்டிக்கும் ஒன்றுதான், மலையேறிக் குமுளியைத் தாண்டினாலும் ஒன்றுதான்.

பின் சீட்டில் இருந்தாலே பத்தாயிரம் என்று மிரட்டுபவர்களும் உண்டு. அதுவும் சரியில்லை. உடந்தை என்றால் தூண்டியிருக்க வேண்டும், சேர்ந்து திட்டமிட்டிருக்க வேண்டும், அல்லது தெரிந்தே உதவியிருக்க வேண்டும். டிரைவர் குடித்திருப்பது தெரியாமல் ஷேர் ஆட்டோவில் ஏறியவர் குற்றவாளி ஆகமாட்டார். ஆனால் நம் ஊரில் நடப்பது அதுவா? சுருளி அருவிக்குப் போய்விட்டு நாலு பேர் திரும்புகிறார்கள். பைக் உங்களுடையது. உங்களோடு உட்கார்ந்து குடித்தவனிடம் சாவியை நீட்டி, “நீ ஓட்டு மாப்ள, எனக்குக் கண்ணு சொக்குது” என்கிறீர்கள். இதற்குப் பெயர் சும்மா உட்கார்ந்திருப்பதா?

அபராதத்தோடு போனால்கூடப் பரவாயில்லை. விபத்து நடந்த பிறகு கூட வந்தவர்கள் செய்யும் காரியம்தான் எனக்கு ஆற்றாமையைத் தருகிறது. அடிபட்டவனைக் கானாவிலக்கு பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகிறார்கள். டியூட்டி டாக்டர் விபத்துப் பதிவேட்டில் எழுதுவதற்காக எப்படி அடிபட்டது என்று கேட்கிறார். ஓட்டிய நண்பனைக் காப்பாற்றுவதாக நினைத்து, “மண்ணுல சறுக்கித் தானா விழுந்துட்டான் சார்” என்கிறார்கள். அந்த ஒரு வரி அப்படியே ஏறிவிடும். ஆறு மாதம் கழித்துக் கால் எலும்பு கூடவில்லை, வேலைக்குப் போக முடியவில்லை என்று இழப்பீடு கேட்டு வரும்போது, இன்சூரன்ஸ் வக்கீல் முதலில் எடுத்து நீட்டுவது அந்தப் பதிவேட்டின் நகலைத்தான். ஓட்டியவன் தப்பினான். பின்னால் இருந்து அடிபட்டவனின் வழக்கைக் கூட வந்தவர்களே புதைத்துவிட்டார்கள்.

ஆளை மாற்றிச் சொல்வது இதைவிட மோசம். 2023 புத்தாண்டு அதிகாலையில் டெல்லி கஞ்சவாலாவில் ஸ்கூட்டரில் வந்த இளம்பெண்ணைக் கார் பல கிலோமீட்டர் இழுத்துச் சென்றது நினைவிருக்கும். நான்தான் ஓட்டினேன் என்று முன்வந்தவர் அந்த நேரத்தில் காரிலேயே இல்லை என்று போலீஸ் விசாரணை சொன்னது. அந்த ஆண்டு ஜூலையில் ஓட்டியவர் மீது மட்டுமல்ல, காரில் உடன் இருந்த மூவர் மீதும் கொலைக் குற்றச்சாட்டைப் பதிவு செய்ய நீதிமன்றம் உத்தரவிட்டது. காப்பாற்ற முயன்றவர்கள் தடயத்தை மறைத்ததற்கும் குற்றவாளிக்கு இடம் கொடுத்ததற்கும் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை 238, 249ஆம் பிரிவுகள். நட்பு என்று நினைத்துச் செய்வது கடைசியில் சிறைக்குக் கூட்டிப்போகும்.

சரி, குற்ற வழக்கே இல்லை என்று வையுங்கள். “இன்சூரன்ஸ் இருக்குல்ல” என்ற நிம்மதியும் அரைகுறைதான். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 150ஆம் பிரிவின்படி, ஓட்டுநர் குடித்திருந்தார் என்பதையே காப்பீட்டு நிறுவனம் தன் தரப்பு வாதமாக வைக்கலாம். அப்படியிருந்தும் அடிபட்ட மூன்றாம் நபருக்கு முதலில் பணத்தைக் கொடு, பிறகு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள் என்று 2023இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனால் கூட வந்தவரே இழப்பீடு கேட்டால், குறுக்கு விசாரணையில், “ஏறும்போது வாடை அடிக்கலையா? தெரிஞ்சேதானே ஏறுனீங்க?” என்ற கேள்வி நிச்சயம் வரும். இங்கிலாந்தில் 1977லேயே, குடித்தவனோடு தெரிந்தே பயணம் செய்தவரின் இழப்பீட்டில் 20 சதவீதத்தை வெட்டினார்கள்.

மற்ற கதைகளுக்கு அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. கொய்யா இலை, ஏலக்காய் மென்றால் மெஷினில் காட்டாது என்பார்கள். மெஷின் அளப்பது நுரையீரலிலிருந்து வரும் காற்றை, வாய் மணத்தை அல்ல. ஊதவே மறுத்தால் தப்பிக்கலாம் என்றால், அந்த மறுப்பையே உங்களுக்கு எதிரான சூழ்நிலையாகக் கொள்ளலாம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 205ஆம் பிரிவு. ரோட்டிலேயே பணத்தைக் கட்டி முடித்துக்கொள்ளலாமா? முடியாது, 185க்கு கோர்ட்டுப் படி ஏறியே ஆகவேண்டும்.

“ராத்திரி குடிச்சது காலையில இறங்கிடும்” என்பதை மட்டும் அப்படி விடமாட்டேன். விடியுமுன் கம்பம்மெட்டு, போடிமெட்டு ஏறும் ஜீப்புகளில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் தூக்குவாளியோடு நெருக்கி உட்கார்ந்திருக்கிறார்கள். டாஸ்மாக் மூடுவது இரவு 10 மணிக்கு. 100 மில்லி ரத்தத்தில் இருக்கும் ஆல்கஹால் சராசரியாக மணிக்கு 15 மில்லிகிராம் அளவில்தான் குறையும். பத்து மணிக்கு 150 இருந்தவருக்குக் காலை ஐந்து மணிக்கும் 45 இருக்கும், அதுவும் சட்ட வரம்புக்கு மேல்தான். இந்தப் பெண்கள் யாருக்கும் உடந்தை இல்லை. டிரைவர் மேல் வாடை வந்தால் கொண்டை ஊசி வளைவு தொடங்கும் முன்பே, “நிப்பாட்டுங்கண்ணே, எறங்கிக்கிறோம்” என்று சொல்லும் துணிச்சல் அவர்களுக்கு வேண்டும். அன்றைய கூலியைப் பிடிக்காமல் இருக்கும் மனசு கங்காணிக்கும் வேண்டும். 112க்குச் சொல்லலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த மாவட்டத்தில் ஓடும் பழைய பைக்குகள் பலவற்றுக்குக் குறைந்த பிரீமியம் கட்டும் மூன்றாம் நபர் பாலிசிதான் இருக்கிறது. அந்த பாலிசியில் பின்னால் உட்காருபவருக்குக் காப்பு கிடையாது என்று 2006இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஓட்டியவர் பச்சைத் தண்ணீர் மட்டுமே குடித்திருந்தாலும் கிடையாது. பிறகு தீர்ப்புத் தொகைக்கு வண்டிக்காரர்தான் பொறுப்பு. கொடுக்க முடியாவிட்டால் அவருடைய தென்னந்தோப்பு ஜப்திக்கு வரும். ஆர்சி புத்தகத்தோடு மடித்து வைத்திருக்கும் பாலிசித் தாளை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். ‘லயபிலிட்டி ஒன்லி’ என்று இருந்தால், அடுத்த முறை புதுப்பிக்கும்போது ஏஜென்டிடம் பேக்கேஜ் பாலிசி கேளுங்கள். பின் சீட்டுக்காரருக்குத் தனிநபர் விபத்துக் காப்பும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.