குழாய் நீரோட்டமும் வழுக்குச் சரக்கும்

தாம்பரத்தையடுத்த கோவிலம்பாக்கம், நன்மங்கலம், மேடவாக்கம் முதலிய ஊர்களில் முற்காலத்தில் ஏரிப் பாய்ச்சலால் நெல் விளைந்த நன்செய்களிற் பெரும்பகுதி இப்போது குடியிருப்பு மனைகளாய்விட்டது. எஞ்சிய நிலத்தில் பயிர் செய்வோர், வாய்க்கால் மறிபட்டுப்போன இடங்களில், கிணற்று ஜலத்தை மோட்டாரால் இறைத்துக் குழாய் வழியே வெகுதூரம் கொண்டுசெல்ல நேரிடுகிறது. குழாய் நீள நீளத் தண்ணீர் குறைந்து வருவதை அவர்கள் அநுபவத்தில் அறிவார்கள். ஜலத்தில் ஏதேனும் ரஸாயனச் சரக்கைச் சிறிது கலந்தால் அஃது வழுக்கிக்கொண்டு விரைந்தோடும் என்ற பேச்சு காதில் விழும்போது, அதனைக் கேட்டு ஆசைப்படுவதும் இயல்பே. அப்பேச்சில் உண்மை எவ்வளவு, நிலமுடையோருக்குப் பிரயோஜனம் எவ்வளவு என்பதை ஆராய்ந்து கொள்ளுதல் நலம்.

சங்கதி பொய்யன்று. டாம்ஸ் என்னும் ஆங்கில விஞ்ஞானி, 1948-ஆம் வருஷத்தில் ஹாலந்து தேசத்து ஷெவனிங்கன் நகரிற் கூடிய மகாநாட்டில் ஒரு பரிசோதனையை வெளியிட்டார். ஒருவகைத் திரவத்தில் நீண்ட சங்கிலி போன்ற அணுத்திரள்களையுடைய சரக்கை மிகச் சிறிதளவு கரைத்துக் குழாயிற் செலுத்தியபோது, அத்திரவம் தனித்து ஓடுவதைக் காட்டிலும் எளிதாக ஓடியது. திரவத்தைக் குழம்பாக்கும் சரக்கு அதன் ஓட்டத்தை எளிதாக்குவது விந்தையாகத் தோன்றும். காரணம் இது: குழாயில் வேகமாய்ச் செல்லும் ஜலம் நேர்க்கோட்டிற் செல்வதில்லை, சுவரையொட்டிய இடத்தில் எண்ணற்ற சிறு சுழல்கள் எழுந்து ஒன்றோடொன்று மோதி, மோட்டார் கொடுத்த சக்தியை வீணாக்குகின்றன. நீண்ட சங்கிலிகள் அச்சுழல்களில் அகப்பட்டு நீட்சியடைந்து, அவற்றை அடக்கிவிடுகின்றன. ஆதலால் சுழலின்றி மெதுவாய் ஓடும் நீரில் இச்சரக்கால் இலாபம் ஒன்றுமில்லை. சிறிது நஷ்டமே உண்டு.

இதைப் பெரிய அளவில் முதலிற் கைக்கொண்டோர் எண்ணெய் வர்த்தகரே. அமெரிக்காவில் அலாஸ்கா பிரதேசத்தைக் கடக்கும் 48 அங்குல எண்ணெய்க் குழாயில் 1979 முதல் இத்தகைய சரக்கு செலுத்தப்பட்டது. நியூயார்க் நகரத்துத் தீயணைப்புப் படையினர் 1960-களின் இறுதியில் ஜலத்திற் சேர்த்துச் சோதித்து, ஒன்றேமுக்கால் அங்குல ரப்பர்க் குழாயில் இரண்டரை அங்குலக் குழாய்க்குரிய நீரைப் பெற முயன்றனர். மெல்லிய குழாயைத் தூக்கிக்கொண்டு மாடியேறுவது எளிதல்லவா?

நம் நாட்டுக்கு இதில் ஒரு தனி உரிமை உண்டு. நம் தோட்டங்களில் விளையும் கொத்தவரையின் முற்றிய விதையினின்று எடுக்கப்படும் குவார் பசை இத்தொழிலுக்கு ஏற்றது; அவ்விதை பெரும்பாலும் ராஜஸ்தானத்தில் விளைகிறது. வெண்டைக்காயின் வழவழப்புக்கும் இக்குணம் உண்டு. காரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் ஆர். பி. சிங் என்பாரும் அவருடைய துணைவர்களும் குவார் முதலிய பசைகளை ஆராய்ந்து, அவற்றை விவசாயத்திற் பயன்படுத்துவது குறித்து 1995-இல் ‘கரண்ட் சயின்ஸ்’ பத்திரிகையில் எழுதினர். தெளிப்பு நீர்ப்பாசனத்தில் சக்தியை மிச்சப்படுத்துவதே அவர்களுடைய நோக்கங்களில் ஒன்று. ஆனால் குவார் பசை ஜலத்தில் நின்றால் நுண்கிருமிகளுக்கு இரையாகி விரைவில் கெட்டுப்போகும். அதனைத் தடுக்கச் செயற்கைச் சரக்கொன்றை அதனோடு இணைத்துப் பார்க்கவும் அவர்கள் முற்பட்டனர்.

இனி நம் கிணற்றுக் கணக்கைப் பார்ப்போம். விநாடிக்கு 5 லிட்டர் இறைக்கும் மோட்டார், 3 அங்குலக் குழாயில் 300 மீட்டர் தூரம் ஜலத்தைத் தள்ளுவதாக வைத்துக்கொள்வோம். உராய்வினால் நேரும் நஷ்டம் ஏறக்குறைய 5 மீட்டர் உயரத்துக்கு நீரைத் தூக்குவதற்குச் சமானம். சரக்கு இதிற் பாதியைக் குறைத்தது என்றே கொண்டாலும், மோட்டாரின் திறமைக் குறைவையும் சேர்த்து, மணிக்குக் கால் யூனிட் மின்சாரமே மிச்சமாகும். இதற்குச் செலவு என்ன? மணிக்கு ஓடுவது 18,000 லிட்டர். பத்து லக்ஷத்துக்கு 200 பங்கு குவார் பசை வேண்டுமாயின், மணிக்கு 3 கிலோ 600 கிராம் கரைக்க வேண்டும். பாலிஅக்ரிலமைடு என்னும் செயற்கைச் சரக்காயின் 10 பங்கே போதும் எனினும், மணிக்கு 180 கிராம் ஆகும். கால் யூனிட் மின்சாரத்துக்கு இவ்வளவு சரக்கைக் கொட்டுவது புத்திசாலித்தனமன்று. அலாஸ்காவில் ஒரு முறை இட்ட சரக்கு பல மைல் தூரம் உழைக்கிறது. நம் வயலிலோ அடுத்த மடையில் மண்ணில் இறங்கிவிடுகிறது.

வேறொரு சங்கடமும் உண்டு. பம்பின் சுழல்விசிறி இச்சங்கிலிகளை நறுக்கிவிடும். ஆதலால் கிணற்றிற் கொட்டிக் கலக்கினால் பெரும்பகுதி பம்பிலேயே பாழாகும். பம்பைத் தாண்டிய இடத்தில், ஓடும் நீரில் அளவாகச் செலுத்தத் தனிக் கருவி வேண்டும்.

இதே பலனை மருந்தின்றி அடைய வழி உண்டு. ஒரே அளவு ஜலம் செல்லும்போது, குழாயின் விட்டத்தை 3 அங்குலத்திலிருந்து 4 அங்குலமாக்கினால் உராய்வு நஷ்டம் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறையும். மேற்சொன்ன 5 மீட்டர் நஷ்டம் சுமார் ஒன்றேகால் மீட்டராகிவிடும். அது ஒருமுறைச் செலவு. எந்த மருந்தும் இவ்வளவு நாள் உழைக்காது. தேவையற்ற முழங்கை வளைவுகளை நீக்குதலும், அடி வால்வின் சல்லடையில் அடைந்த பாசியைச் சுத்தம் செய்தலும் காசில்லாத சிகிச்சைகள்.

குழாயிற்றான் குற்றமா என்று அறிய, 200 லிட்டர் பீப்பாய் ஒன்றைக் கிணற்று வாயிலில் வைத்து நிரம்பும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்க்க வேண்டும். பிறகு குழாயின் கடைசியிலும் அவ்வாறே பார்க்க வேண்டும். முன்னது 40 விநாடி, பின்னது 45 விநாடி என்றால் குழாயைக் குறை சொல்ல இடமில்லை. கிணற்றின் ஊற்றையோ பம்பையோ பரிசோதிக்க வேண்டும். ஊற்றுக் குறைந்த கிணற்றில் நீரை விரைந்து இழுப்பது, கிணறு சீக்கிரம் வற்றுவதற்கே வழியாகும். 2019-ஆம் வருஷத்துக் கோடையில் சென்னையும் அதன் சுற்றூர்களும் பட்ட தண்ணீர்க் கஷ்டத்தை இப்பகுதியார் மறந்திரார்.

கிராம அதிகாரிகள் முக்கியமாய்க் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இவ்வட்டாரத்தில் ஒரே கிணற்று நீர் காலையில் வயலுக்கும் மாலையில் வீடுகளுக்கும் செல்லக்கூடும். பாலிஅக்ரிலமைடில் அக்ரிலமைடு என்னும் விஷப் பொருள் சிறிது மிஞ்சியிருக்கலாம். குடிநீர்ச் சுத்திகரிப்பில் அதற்குக் கண்டிப்பான வரம்பு உண்டு. பசைவகைகளோ கிருமி வளர இடங்கொடுத்து, சொட்டுநீர்க் குழாய்களின் துவாரத்தையும் அடைக்கும். ஆகையால் மேல்நிலைத் தொட்டிக்கு ஏறும் குழாயிலும், லாரிக்கு நீர் நிரப்பும் கிணற்றிலும், கிருமி நீக்கக் குளோரினை விதித்த அளவில் இடுவதன்றி, வேறெந்தச் சரக்கையும் கலக்க இடங்கொடுத்தலாகாது. எவரேனும் அத்தகைய தூளை விற்க வந்தால், அதன் பெயரையும் கலக்கும் அளவையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு, பீப்பாய்ப் பரிசோதனையைச் சரக்கில்லாமல் ஒரு முறையும் சரக்கோடு ஒரு முறையும் தம் கண்ணெதிரில் செய்துகாட்டும்படி கேட்கலாம்.