பழைய வீடு வாங்குமுன் அறிய வேண்டிய எச்சரிக்கைக் குறிகள்

தமிழ்நாட்டில் ஒருவர் கட்டிக் குடியிருந்த வீட்டை மற்றொருவர் விலைக்கு வாங்கும்போது, வீடு பிடித்துப்போய் முன்பணம் கைமாறிய பிறகே பத்திரங்கள் வழக்கறிஞரிடம் செல்வது வழக்கமாக இருக்கிறது. இந்த வரிசை வாங்குபவருக்குப் பெரிதும் பாதகமானது. பணம் கொடுத்துவிட்டவர், கண்ணெதிரே தெரியும் குறையைக்கூடச் சிறிதாக எண்ணித் தம்மைத் தாமே தேற்றிக்கொள்ளத் தொடங்கிவிடுகிறார். ஆகவே இடம், கட்டடம், ஆவணம், ஆட்கள் என்ற வரிசையில் ஆராய்ந்து, பணத்தை இறுதிக்கு ஒதுக்குவதே முறை.

முதற்படி இடத்தைப் பார்ப்பது. பழைய தார்ப்படுகையைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே மீண்டும் மீண்டும் சாலை போடப்பட்டதால், சென்னையின் பல தெருக்களில் வீட்டின் தரைமட்டம் தெருவைவிடத் தாழ்ந்துவிட்டது. அத்தகைய வீட்டை வெயில் காலத்தில் மட்டும் பார்த்து முடிவெடுக்கலாகாது. சுற்றுச்சுவரில் ஒரே உயரத்தில் ஓடும் கறைக்கோடும், அண்மையில் உயர்த்தப்பட்ட மின்மீட்டரும் வெள்ளம் புகுந்ததைக் காட்டக்கூடும். வேளச்சேரி, முடிச்சூர் போன்ற பகுதிகளில், 2015 டிசம்பரில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்பதை விற்பவரிடம் கேட்பதைவிட எதிர்வீட்டாரிடம் கேட்பது நம்பகமானது.

அடுத்தது கட்டடம். பூச்சில் காணப்படும் மயிரிழை வெடிப்புகள் பெரும்பாலும் அஞ்சத்தக்கவை அல்ல. ஆனால் சன்னல் அல்லது கதவின் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி, ஒரு முனையில் அகன்றும் மறு முனையில் குறுகியும் செல்லும் வெடிப்பு, அடித்தளம் ஒரு பக்கம் மட்டும் இறங்கியிருப்பதன் அறிகுறியாகும். கோவில்பட்டி, விருதுநகர் வட்டாரங்களைப் போன்ற கரிசல் நிலங்களில் மண் ஈரத்தில் உப்பிக் கோடையில் சுருங்குவதால், ஆழமில்லாத அடித்தளத்தின் மேலெழுந்த சுவர்களில் இவ்வெடிப்புகள் பருவத்துக்குப் பருவம் திறந்து மூடும். கான்கிரீட் தளத்தின் அடிப்பகுதியில் நேர்கோடாக ஓடும் வெடிப்பும் பழுப்புக் கறையும் இன்னும் கவலைக்குரியவை. உள்ளிருக்கும் கம்பி துருப்பிடிக்கையில் அதன் பருமன் பெருகி, மூடியிருக்கும் கான்கிரீட்டைக் கீழே தள்ளுகிறது. சிறு சுத்தியலால் தட்டும்போது வெற்றொலி கேட்டால் அவ்விடம் பிரிந்துவிட்டது என்று கொள்ளலாம். ஒரு சுவருக்கு மட்டும் அடிக்கப்பட்ட புதுச் சாயமும், ஓர் அறையில் மட்டும் புதிதாகப் பொருத்தப்பட்ட பொய்க்கூரையும் எதை மறைக்கின்றன என்று கேட்பது வாங்குபவரின் உரிமை. ஓர் அனுபவமிக்க கொத்தனாரையோ கட்டடப் பொறியாளரையோ உடன் அழைத்துச் செல்வது அவசியம்.

ஆவணப் பகுதியில் மிகுதியான ஏமாற்றம் வில்லங்கச் சான்றைப் பற்றிய தவறான நம்பிக்கையால் நேர்கிறது. வில்லங்கச் சான்று என்பது குறிப்பிட்ட காலத்தில் ஒரு சொத்தின்மீது பதிவான பத்திரங்களின் பட்டியல் மட்டுமே. பதிவாகாத உயிலும், மூலப்பத்திரத்தை வெறுமனே ஒப்படைத்துப் பெற்ற பதிவில்லாக் கடனும் அதில் தோன்றுவதில்லை. நடந்துகொண்டிருக்கும் உரிமை வழக்கும் பொதுவாக அதில் இடம்பெறாது. ஆனால் 1882-ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, வழக்கு நிலுவையில் இருக்கும்போது வாங்கியவரும் அதன் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவரே. எனவே விற்பவர் அசல் மூலப்பத்திரத்தைக் காட்டாமல் நகலையே நீட்டுவதும், அசல் தொலைந்துவிட்டது என்பதும் முதல்தரமான எச்சரிக்கைகள். சர்வே எண் உட்பிரிவு செய்யப்பட்டிருந்தால் பழைய எண், புதிய எண் இரண்டுக்கும், சார்பதிவாளர் அலுவலக எல்லை மாறியிருந்தால் இரு அலுவலகங்களிலும் வில்லங்கம் பார்த்தாக வேண்டும். பட்டா வருவாய்த்துறைப் பதிவேயன்றித் தனித்து உரிமை தருவதன்று. எனினும் பட்டாவின் பரப்பும், பத்திரத்தின் நான்கெல்லையும், நிலத்தில் அளந்தெடுத்த அளவும் ஒத்துவராதபோது, அந்த முரணுக்கு எழுத்துப்பூர்வமான விளக்கம் கிடைக்கும்வரை மேற்செல்லலாகாது. நிலம் புறம்போக்காகவோ கோயில் நிலமாகவோ பஞ்சமி நிலமாகவோ வகைப்படுத்தப்பட்டிருந்தால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் விலகுவதே அறிவுடைமை. அனுமதி பெற்ற வரைபடத்தில் இல்லாத மாடி எழுந்திருப்பதும் இத்தகைய முரணே; வங்கிக் கடன் மறுக்கப்பட அது போதும்.

பிறகு கையெழுத்திட வேண்டிய ஆட்கள். உயில் எழுதாமல் இறந்த இந்துத் தந்தை சுயமாகச் சம்பாதித்த வீட்டில், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, தாய், மகன்கள், மகள்கள் ஆகியோர் முதல் வகுப்பு வாரிசுகளில் அடங்குவர். திருமணமாகிப் போய்விட்ட சகோதரிக்குப் பங்கில்லை என்று மகன்கள் சொல்வது சட்டத்துக்குப் புறம்பானது. அவர் கிரையப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும் அல்லது தம் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை முன்பே பதிந்திருக்க வேண்டும். இந்துச் சிறாருக்குப் பங்கிருந்தால், நீதிமன்ற அனுமதியின்றி இயற்கைக் காப்பாளர் செய்யும் விற்பனையை அச்சிறார் பின்னாளில் மறுக்கலாம். பொது அதிகாரப் பத்திரம் பெற்ற முகவர் விற்க முன்வந்தால், அதிகாரம் கொடுத்தவர் உயிரோடிருப்பதையும் அதனை ரத்து செய்யவில்லை என்பதையும் நேரில் உறுதிசெய்தல் வேண்டும்; பதிவுசெய்த கிரையப் பத்திரத்தைத் தவிர்த்து, அதிகாரப் பத்திரத்தையே விற்பனையாகக் கொள்ள முடியாது என்று உச்சநீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்துள்ளது.

இவையெல்லாம் ஒத்துவந்த பின்னரே பணம். வீடு, நிலம் விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் பெறுவதை வருமானவரிச் சட்டம் தடுக்கிறது. பெரும்பகுதியை ரொக்கமாகக் கேட்பவர், தகராறு வந்தால் அதைப் பெற்றதற்கு எந்தச் சான்றும் இல்லாத நிலையில் வாங்குபவரை நிறுத்துகிறார். கிரைய ஒப்பந்தத்தைப் பதிவுசெய்யத் தயங்குபவரிடமும், நாளைக்குள் முடிக்காவிட்டால் வேறொருவர் வாங்கிவிடுவார் என்று அவசரப்படுத்தும் தரகரிடமும் ஒரு வாரம் அவகாசம் கேட்டுப் பார்ப்பது நல்லது. ஒப்பந்தத்துக்கும் கிரையத்துக்கும் இடையே வேறொருவர் பெயரில் பத்திரம் பதிவாகிவிடவும் கூடுமாதலால், பதிவு நாளுக்கு முந்தைய நாள் வில்லங்கச் சான்றை மீண்டும் ஒருமுறை எடுத்துப் பார்த்த பிறகே எஞ்சிய தொகைக்கான வரைவோலையை எடுக்க வேண்டும்.